செவ்விசையின் நிலைபேறும் யாழின் மறைவும்

இலக்கமுறைத் தொழில்நுட்பம் பரவிய இக்காலத்திலும் கர்நாடக இசைக்கு இரசிகர் குறையாதிருப்பதை அவ்விசையின் 'தெய்விகத் தன்மை'க்குச் சான்றாகக் காட்டும் போக்கொன்று உண்டு. உள்ளார்ந்த சிறப்பே ஒரு கலையை வாழ்விக்கும் என்னும் இவ்விளக்கத்தைச் சோதிக்க நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. கல்முனைக்கு அணித்தாயுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892-1947) தம் வாழ்வின் இறுதிக் காலத்தை யாழாராய்ச்சிக்குச் செலவிட்டார். 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய அவரது யாழ்நூல், சிலப்பதிகார அரங்கேற்று காதையை அடிப்படையாகக்கொண்டு, மறைந்துபோன ஒரு கருவியையும் அதன் இசைமுறையையும் கணித வழியில் மீட்க முனைந்தது. நுண்ணிய சுருதிக் கோட்பாடும் இலக்கியப் பெருமையும் உடைய யாழ் ஏன் மறைந்தது? சிறப்புத்தான் நிலைபேற்றுக்குக் காரணமெனின் இவ்வாராய்ச்சிக்கே தேவை எழுந்திராது. இதற்கு மாறாக, தேவாரப் பண்கள் ஓதுவார் மரபினாலும் கோயில் என்னும் நிறுவனத்தினாலும் ஓரளவேனும் தப்பிப் பிழைத்தன.

கர்நாடக இசையின் வரலாறும் இதுவே. அரசவைப் புரவலரின் இடத்தைச் சென்னையின் படித்த மத்தியதர வர்க்கம் ஏற்றது. 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. தொன்மையானதென நம்பப்படும் இன்றைய கச்சேரி அமைப்பு, அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் காலத்தில் உருப்பெற்றதே. இம்மாற்றத்தின்போது இசை வேளாளர் மரபுப் பெண்கள் மேடையிலிருந்து பெரிதும் விலக்கப்பட்டனர் என்பது வழமையான புகழுரைகளில் இடம்பெறாத செய்தி.

தொழில்நுட்பத்தின் பங்கினை மறுப்பதற்கில்லை. 1902இல் இந்தியாவில் ஒலிப்பதிவு தொடங்கியபோது இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொண்டது. இராக ஆலாபனை அதற்குள் சுருங்கியது. பின்வந்த பதிவுமுறைகளோ அந்த எல்லையை அகற்றின. தம்பூராவின் வேலையைச் செல்பேசி செய்கிறது. ரொறன்ரோவிலுள்ள பிள்ளை சென்னை ஆசிரியரிடம் இணையவழி பயில்கிறது. கொள்ளைநோய்க் காலமான 2020இல் அகாதெமியின் மார்கழி விழாவே இணையத்துக்குச் சென்றது. ஆயின் இவ்வசதியை உடனே பயன்படுத்த வல்லதாயிருந்தது, ஏற்கெனவே சுரக்குறிப்பும் குருமரபும் சபாவும் பொருள்வளமுள்ள புலம்பெயர் குடும்பங்களும் வாய்க்கப்பெற்ற இசையே.

சாகாமம் தொடக்கம் கல்முனை வரையுள்ள நெல்வயற் பிரதேசத்துக்குத் திரும்பினால் மறுபக்கம் தெரியும். இங்கு முஸ்லிம்களிடையே வாய்மொழியாக வழங்கிவந்த கவிகள் காதலையும் வறுமையையும் பிரிவையும் பேசுவன. அவற்றுட் பல பெண்களின் குரலில் அமைந்தவை. தமிழரின் பொலிப்பாடல்களோ களத்துமேட்டு உழைப்போடு பிணைந்தவை; சூடு மிதிக்கும் வேலை இயந்திரத்துக்கு மாறியதும் பாடும் சந்தர்ப்பமே அற்றுப்போயிற்று. நம் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம் பரீட்சைக்குரிய பாடம். கவிக்கு அத்தகைய இடமில்லை. நாட்டாரியல் ஆர்வலர் இவற்றைத் தேடித் தொகுத்தமை பெரும்பணியே. எனினும் அத்தொகுப்புகள் பெரும்பாலும் சொற்களையே அச்சேற்றின. எந்த நீட்டலில், எந்த இழுப்பில் ஒரு கவி சொல்லப்பட்டது என்பதை அச்செழுத்து காட்டாது. அதனை அறிந்த மூதாட்டியர் இன்னும் சிலர் இருக்கின்றனர். ஒலிப்பதிவுக் கருவியும் இன்று எல்லார் கையிலும் உள்ளது.