குழாயோடு இருந்தவர்கள்

திருவரங்குளம் சிவன் கோயிலில் மாலையில் கூடும் நாங்கள் சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் பேசுவோம். இரவில் நாலு தடவை எழுந்திருப்பதை மட்டும் பேச மாட்டோம். நானும் இரண்டு வருடம் மறைத்தேன். ஒருநாள் விடியற்காலை சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. புதுக்கோட்டையில் குழாய் போட்டு எடுத்தார்கள். அந்தக் குழாயோடு படுத்திருந்தபோது இரண்டு பேரை நினைத்துக்கொண்டேன்.

ஒருவர், காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு நாயகராக இருந்த டிகால். 1964 ஏப்ரலில், 73 வயதில், பாரிஸில் அவருக்கு புராஸ்டேட் அறுவை சிகிச்சை நடந்தது. முடிந்த பிறகுதான் நாட்டுக்கே தெரிவித்தார்கள். மறு ஆண்டு தேர்தலில் நின்று மீண்டும் அதிபரானார்.

மற்றவர் பெரியார். அவர் ஒளிக்கவில்லை. முதுமையில் சிறுநீர்க் குழாயோடுதான் வேனில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் வலியில் முனகியபடியே கடைசியாகப் பேசினார். 24ஆம் தேதி வேலூரில் காலமானார். வயது 94.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வரும் பாதையைச் சுற்றியுள்ள சுரப்பி. வயதானால் பருத்துப் பாதையை நெருக்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமும் கெடும். அந்த நாளில் இல்லாத மாத்திரைகள் இன்று இருக்கின்றன. எனக்கு அதுவே போதுமாயிற்று. மாலைக் காப்பியையும் நிறுத்தினேன். இரத்தம் கலந்து வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஆயிரம் பேர் கூடிய மேடையில் அவருக்கு இல்லாத கூச்சம், டாக்டர் அறையில் நமக்கு எதற்கு?