தஞ்சாவூர் மாத்திரையும் மேலத்தெரு பெரியப்பாவும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்தது. பாம்பு கடித்தால் இன்ன பச்சிலையை அரைத்துக் கொடுத்தால் போதுமாம், ஆஸ்பத்திரியே வேண்டாமாம். அனுப்பிய பிள்ளையை நான் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வயதில் நானும் அதை நம்பியவன்தான்.

1982, தை மாதம். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். அறுப்பு வயலில் மேலத்தெரு பெரியப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பக்கத்து ஊர் விஷக்கடி வைத்தியரைச் சைக்கிளில் போய் அழைத்து வந்தவன் நான். இராத்திரி முழுக்க வேப்பிலையும் பச்சிலைச் சாறும் மந்திரமும். விடிந்தபோது கால் தொடை வரை வீங்கியிருந்தது, பல் ஈறில் இரத்தம் கசிந்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீர் நின்றுபோய் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அந்த வைத்தியர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஒரு பைசா வாங்கமாட்டார். அவர் கையால் பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அப்படியானால் பெரியப்பா மட்டும் ஏன் பிழைக்கவில்லை? இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு பழைய வரலாறுகளைப் படிக்கும்போது, நம் தஞ்சாவூர்ப் பெயரிலேயே அதற்குப் பதில் கிடைத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்களிடம் பெரும்பேர் வாங்கிய ஒரு மருந்து 'தஞ்சாவூர் மாத்திரை'. பாம்புக்கடிக்குக் கொடுப்பது. அதில் என்னென்ன இருந்தன தெரியுமா? வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நாவி, நேர்வாளம், மிளகு! மிளகைத் தவிர மற்றதெல்லாம் விஷம். நேர்வாளம் வயிற்றில் போனால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கடிபட்டவர் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தால், பார்ப்பவர்களுக்கு 'விஷம் இறங்குகிறது' என்றுதானே தோன்றும்?

இந்த மாத்திரையைச் சோதித்துப் பார்த்தவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். அவர் கதைக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பூம்புகாரிலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் தரங்கம்பாடி. அங்கே டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக 1768-இல் வந்தவர் கோனிக், தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இயற்கை ஆராய்ச்சியாளர் ஆனார். 1785-இல் அவர் இறந்தபின் அந்த வேலைக்கு வந்தவர்தான் ரஸ்ஸல். (எத்தனை வருஷம் உங்களை டேனிஷ் கோட்டைக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருப்பேன்! 1620-இல் கட்டியது என்று சொல்லிவிட்டுக் கட்டுச்சோற்றைப் பிரித்துவிடுவோம். இது எனக்கே அப்போது தெரியாது.)

ரஸ்ஸல் முதலில் கேட்ட கேள்வி, எந்தப் பாம்பு விஷமுள்ளது, எது இல்லாதது என்பது. சோழமண்டலக் கடற்கரை நெடுகப் பாம்புகளைச் சேகரித்து, பல்லையும் செதிலையும் பார்த்துப் பிரித்து எழுதினார். நாய்களையும் கோழிகளையும் கடிக்கவிட்டு, என்ன ஆகிறது என்று குறித்துவைத்தார். இப்போது கேட்டால் மனசு சங்கடப்படும்தான். அவருடைய பாம்பு நூல் 1796-இல் படங்களோடு லண்டனில் வெளிவந்தது. தஞ்சாவூர் மாத்திரை உண்மையான முறிமருந்து என்பதற்கு அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பிறகு எப்படி அத்தனை பேர் பிழைத்தார்கள்? பாம்புகளில் பெரும்பாலானவை விஷமற்றவை. விஷப்பாம்பே கடித்தாலும் சில நேரம் விஷத்தை இறக்குவதில்லை. அப்படிப்பட்டவர்கள் வெறும் தண்ணீர் குடித்தாலும் பிழைத்திருப்பார்கள். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போயிற்று. எங்கள் ஊர் வைத்தியர் கதையும் இதேதான். சாரையும் தண்ணீர்ப்பாம்பும் கடித்தவர்கள் பிழைத்தார்கள். கண்ணாடி விரியன் வந்தபோது அவரிடம் மருந்து இல்லை.

உண்மையான மருந்து வர இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. 1894-இல் பிரான்சில், விஷத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்திப் பழக்கிய விலங்கின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுக்கலாம் என்று காட்டினார்கள். அவர்களில் ஒருவர் ஆல்பர்ட் கால்மெட். நாகத்தின் மருந்தே எல்லாப் பாம்புக்கும் போதும் என்று அவர் நினைத்தது தப்பாகிவிட்டது. இன்று நம் நாட்டு மருந்தைக் குதிரையிலிருந்து எடுக்கிறார்கள். அது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசையாமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள், உடனே மருந்து ஏற்றுவார்கள். எவ்வளவு எளிய சோதனை! பெரியப்பாவுக்கு அந்த முதல் இராத்திரி இதைச் செய்திருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றும் ரஸ்ஸலின் பெயர்தான்.

தை அறுப்பு வரப்போகிறது. வயலில் இறங்குகிறவர்களிடம் சொல்லிவையுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டவேண்டாம், கீறவேண்டாம், வாயால் உறிஞ்சவேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை அசைக்காமல் படுக்கவைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். கட்டுவிரியன் கடி வலிக்கவே வலிக்காது, தடம்கூடத் தெரியாது. தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை என்றால், வாயுக்கோளாறு என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.