டாரட் சீட்டில் ஒட்டிய வரலாறு: டாலியின் ஒட்டோவியங்கள் பற்றிய ஒரு நோக்கு

சீட்டுக்கட்டு ஒன்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினா நம்மவரிற் பலருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். எனினும், பழைய ஓவியங்களிலிருந்து வெட்டியெடுத்த பகுதிகளை ஒட்டிப் புதிய சீட்டொன்று ஆக்கப்படும்போது, அவ்வோவியம் முன்னர் உணர்த்திய பொருள் யாதாகின்றது என்பது வரலாற்று மாணவன் தட்டிக்கழிக்க முடியாத வினாவாகும். ஸ்பானிய ஓவியர் சல்வடோர் டாலி ஆக்கிய டாரட் சீட்டுகளை முன்வைத்து அதனை ஈண்டு நோக்குவோம்.

டாரட், 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் தோன்றிய ஒரு விளையாட்டு. 1440இல் புளோரன்சிலும் 1442இல் பெராராவிலும் எழுதப்பட்ட குறிப்புகள் இதுபற்றிய மிகப் பழைய சான்றுகளுள் அடங்கும். 78 சீட்டுகளில் 56 சீட்டுகள் வாள், கிண்ணம், நாணயம், தடி என்னும் நான்கு இனங்களைச் சார்ந்தவை. எஞ்சிய 22 படச் சீட்டுகளுள் மூடன் நீங்கலானவை, முந்நூற்று நான்கு ஆடும் நம்மூரவர் துரும்பு எனக் குறிப்பிடும் சீட்டின் தொழிலையே செய்தன. 1781இல் பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலின் இவற்றைப் பண்டை எகிப்தியரின் ஞானநூல் என எழுதினார். எகிப்தியரின் எழுத்தின் மறைவைச் சம்போலியன் 1822இலேயே அவிழ்த்தார் என்பதை எண்ணும்போது, ஜெபலினின் துணிவை வியக்காதிருக்க இயலவில்லை. சான்றற்ற அக்கூற்றே சீட்டைக் குறிநூலாக்குவதற்கு வலுவூட்டியது.

பொருள் எவ்வாறு இடம்பெயர்கின்றது என்பதற்குத் 'தொங்குபவன்' என்னும் சீட்டு நல்ல எடுத்துக்காட்டாகும். ஒரு காலிற் கட்டுண்டு தலைகீழாகத் தொங்கும் அவ்வுருவத்திலே இன்றைய குறிகாரர் தன்னலத் துறவையும் ஞானத் தெளிவையும் காண்பர். 15ஆம் நூற்றாண்டு இத்தாலியனோ அதனைக் கண்டவுடன் துரோகி என்றே அறிந்திருப்பான். துரோகிகளின் உருவைத் தலைகீழாகத் தீட்டிப் பொதுவிடங்களில் இழிவுபடுத்தும் வழக்கம் அந்நாட்டு நகரங்களில் நிலவியது. படைத்தலைவன் முற்சியோ அத்தெந்தோலோ ஸ்போர்சா 1412இல் இவ்வாறே இழிவுபடுத்தப்பட்டான். அவன் மகன் பிரான்செஸ்கோ 1450இல் மிலானின் கோமகனானான். அக்குடும்பத்தோடு தொடர்புடையதாக இன்று எஞ்சியிருக்கும் பொற்றகடு பதித்த சீட்டுக்கட்டிலும் அதே உருவம் உண்டு. தந்தைக்கு நேர்ந்த அவமானத்தின் வடிவை மகன் அரண்மனையில் கையிலேந்தி விளையாடியிருத்தல் கூடும் என்பதை நினைக்கையில், குறிகாரரின் விளக்கம் நமக்கு மிகவும் வறியதாகவே படுகின்றது.

1909இல் இலண்டனில் வெளிவந்த கட்டுக்குப் படம் வரைந்தவர் பமீலா கோல்மன் சிமித். உரை வகுத்தவர் ஆதர் வெயிற். நெடுங்காலம் வெளியீட்டாளர் பெயராலும் வெயிற்றின் பெயராலுமே அக்கட்டு வழங்கியது; வரைந்த பெண்மணியின் பெயர் மறைந்து கிடந்தமை வருந்தத்தக்கது. எண் சீட்டுகளுக்கும் முழுக்காட்சி தீட்டியமை அவரது சாதனை. அவற்றுள் 'வாள் பத்து', முதுகிலே பத்து வாள்கள் குத்திநிற்கக் குப்புற வீழ்ந்துகிடக்கும் ஒருவனைக் காட்டுகின்றது.

இனி டாலிக்கு வருவோம். 1973இல் வெளியான ஜேம்ஸ் பொண்ட் திரைப்படம் ஒன்றின் பொருட்டே இவ்வாக்கம் தொடங்கியதாகக் கூறுவர். திரைப்படத்திலோ வேறொருவரின் சீட்டுகளே இடம்பெற்றன. டாலியின் கட்டு 1984இல் வெளிவந்தது. அவர் 'வாள் பத்து' சீட்டிலே யூலியசு சீசரின் கொலையை அமைத்தார். இவ்விடத்தில் ஒரு முரண் உண்டு. இச்சீட்டு துன்பத்தையும் கண்ணீரையும் குறிக்கும் என்ற வெயிற், குறிப்பாகக் கொடுஞ்சாவைக் குறிப்பதன்று என எச்சரித்திருந்தார். டாலி தேர்ந்த காட்சியோ கி.மு. 44இல் நிகழ்ந்த, வரலாற்றிற் பெயர்பெற்ற கொடுஞ்சாவு. சீசரின் உடலில் 23 காயங்கள் இருந்தன என்கின்றனர் பண்டை ஆசிரியர். சீட்டின் எண்ணோ பத்து. வரலாறு சீட்டுக்குப் பணியவில்லை. சீட்டும் வரலாற்றுக்குப் பணியவில்லை.

'காதலர்' சீட்டில் இப்பிணக்கு இன்னும் நுட்பமானது. அதன் மூலம், யான் கொசார்ட் 1516இல் தீட்டியதும் இன்று பெர்லினில் உள்ளதுமான நெப்டியூன், அம்பித்திரிதே ஓவியமாகும். அதனைத் தீட்டுவித்த பேர்கண்டியின் பிலிப் ஒரு கடற்படைத் தலைவர். கடற்கடவுளின் உரு அவரது பதவிக்குரிய பெருமிதத்தைச் சுட்டியது. வெட்டியெடுத்த உருவங்கள் சீட்டில் அமர்ந்ததும் கடலும் பதவியும் மறைந்து, ஆணும் பெண்ணும் மட்டுமே எஞ்சுகின்றனர். இதனைச் சிதைவு என்று கூற நாம் தயங்குகின்றோம். மூலத்தை அறிந்தவனுக்கு அதிகாரத்தின் நிழல் காதலின் பின்னே தெரியும். அறியாதவனுக்கு அது வெறும் அழகுப்படம். ஆகவே ஒட்டோவியச் சீட்டைப் படிப்பவர் ஒட்டப்பட்ட துண்டின் பிறப்பை முதலில் வினவுதல் வேண்டும் என்பதே நமது கருத்து.

மந்திரவாதி சீட்டிலே டாலி தம்மையே அமைத்துக்கொண்டார். அரசி, அவர் மனைவி காலா. வளத்துக்கும் தாய்மைக்கும் உரியதாகக் கொள்ளப்படும் அச்சீட்டு அச்சாகி வெளிவருவதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1982இல், காலா காலமானார்.