பெசலெயேலின் கையும் கரிவர்தனின் பட்டறையும்



ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலைக் குறித்துப் பேசும்போது அவனுடைய கைத்திறனையே நினைவுகூருகிறோம். யாத்திராகமம் 35ஆம் அதிகாரமோ, பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் இருதயமும் அவனுக்கு அருளப்பட்டதென்று சொல்லுகிறது. அதை வாசிக்கையில் கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன் என் நினைவுக்கு வந்தார். ‘அவர் சபையைச் சேர்ந்தவரல்லவே’ என்று சிலர் கேட்கலாம். கைத்திறனைத் தருகிறவர் அதைப் பார்த்தா தருகிறார்?

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. பின்னாட்களில் அங்கே மோட்டார் சைக்கிள்களும் கார்களும் பந்தயத்தில் சீறின. இறக்குமதி அரிதாயிருந்த நாட்கள் அவை. கோண்டல் மகாராஜா, விஜய் மல்லையா போன்ற செல்வந்தர் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டினர். மற்றவர்களுக்கு வேடிக்கை பார்க்கும் பங்கே கிடைத்தது. கரிவர்தனும் வசதியான ஆலைத் தொழில் குடும்பத்தார்தாம். சோழவரத்தில் பந்தயம் ஓட்டினார். ஓட்டியதோடு நில்லாமல் வாகனங்களைத் தாமே வடிவமைத்தார்.

அவர் செய்தவற்றுள் 1980களின் பிற்பகுதியில் உருவான ஃபார்முலா மாருதியையே நான் பெரிதாக எண்ணுகிறேன். ஒற்றை இருக்கை, மூடப்படாத சக்கரங்கள். உள்ளே இருந்ததோ நம் தெருக்களில் ஓடிய மாருதி 800இன் மூன்று சிலிண்டர் எஞ்சின். உதிரிபாகம் உள்ளூரிலேயே கிடைக்கும். எல்லாரும் ஒரேவகைக் காரில் ஓடும்போது பணப்பை பின்னுக்குப் போய், ஓட்டுகிறவனின் திறமை முன்னே வருகிறது. வெல்லும் காரைத் தனக்கென்று வைத்துக்கொள்ளக்கூடியவர், தம்மோடு போட்டியிடுகிறவர்களுக்கும் கார் செய்துகொடுத்தார் என்பது சிறிய காரியமா?

காரைக்குடியில் இது நமக்குப் புதிதன்று. விமானம் ஓட்டப் பயின்ற அழகப்பச் செட்டியார், தம் செல்வத்தை இவ்வூர்ப் பிள்ளைகளின் கல்விக்கல்லவா கொட்டினார்!

1995இல் கரிவர்தன் விமான விபத்தில் மரித்தார். அப்போது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், திருப்பெரும்புதூர் அருகேயுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் கோயம்புத்தூர்ச் சிறுவன் ஒருவன் ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்தை ஓடியிருந்தான். அவன் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர்.

வாலிபரின் வேகத்தைக் கண்டித்துப் பிரசங்கிக்கும்படி பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கிச் சாகசம் காட்டுவதைக் கண்டிக்கத்தான் வேண்டும். எதிரே வருகிறவள் பள்ளிவிட்டுச் சைக்கிளில் திரும்பும் பிள்ளையாயிருக்கலாம். ஆயினும் கண்டித்தபின் அவர்களை எங்கே அனுப்புவது? கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரால் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே தலைக்கவசமின்றி ஒருவனையும் ஓடவிடுவதில்லை. எதிரே வருவாரும் ஒருவருமில்லை.