ஓவியன் சூட்டிய ஒளிவட்டம்

எரிக்கத் தீர்ப்பளித்த சபையே பின்னாளில் பீடத்தில் ஏற்றிவைத்தது என்றால் நம்புவீர்களா, தோழர்களே? நம்பத்தான் வேண்டும். பிரஞ்சு நாட்டு உழவர் மகள் ஜோன் ஆஃப் ஆர்க்கின் வரலாறு அதுதான்.

1431 மே 30. ரூவான் நகரச் சந்தைத் திடல். 19 வயதளவிலிருந்த அந்நங்கையை, பிஷப் பியேர் கோஷோன் தலைமையில் கூடிய சமய நீதிமன்றம் திருச்சபையிலிருந்து வெட்டி எறிந்தது. ஆங்கிலேயர் உயிரோடு கொளுத்தினர். சாம்பலையேனும் விட்டுவைத்தனரா? அதையும் சீன் ஆற்றிலே கொட்டினர். கல்லறை இல்லை. மக்கள் கண்ணுக்கு எஞ்சியது என்ன? படம்!

அப்படமேனும் உண்மை பேசுகிறதா? அவள் வாழ்ந்த நாளில் வரையப்பட்டு இன்றும் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. ஆர்லேயான் முற்றுகை முறிந்த செய்தி 1429 மே 10-இல் பாரிஸை எட்டியபோது, அந்நகர் நீதிமன்ற எழுத்தர் கிளெமான் த ஃபோக்காம்பெர்க் தம் பதிவேட்டின் ஓரத்தில் கீறிய கோட்டோவியம் அது. அவர் அவளைக் கண்டதேயில்லை! கொடியும் வாளும் சரி. நீண்ட கூந்தலும் பெண்ணுடையும் எங்கிருந்து வந்தன? அவளோ முடியைக் குட்டையாகக் கத்தரித்து, ஆணுடை தரித்துக் களம் புகுந்தவள். எழுத்தரை நாம் நோவதற்கில்லை. பெண் என்றால் கூந்தல் என்றே அவர் கண் பழகியிருந்தது.

முடியும் உடையும் சிறு செய்தி என்று தள்ளிவிடாதீர்கள். அவள் உயிரைக் குடித்ததில் அவ்வுடைக்குப் பெரும்பங்குண்டு. மே 24-இல் நெருப்புக்கு அஞ்சிப் பணிந்து பெண்ணுடை உடுத்தாள். நான்கே நாளில் மீண்டும் ஆணுடை. அதையும், குரல்கள் திரும்பவும் பேசின என்ற அவள் சொல்லையும் சான்றாகப் பற்றிக்கொண்டனர் குருமார்.

விசாரணையில் இன்னொரு கேள்வியும் எழுந்தது: உன் உருவத்தை எழுதச் செய்தாயா? ஆராஸ் நகரில் ஒரு ஸ்காட்லாந்துக்காரன் கையில் ஒரு படம் பார்த்ததாகச் சொன்னாள். கவசம் பூண்டு, ஒரு முழங்கால் மண்டியிட்டு, அரசனுக்கு மடல் நீட்டும் கோலம். வேறெதையும் தான் கண்டதுமில்லை, செய்வித்ததுமில்லை என்றாள். அவளே கண்ட அந்தப் படம் இன்று நம்மிடம் இல்லை.

1456-இல் தீர்ப்பு செல்லாது என்றனர். 1920-இல் போப் பதினைந்தாம் பெனடிக்ட் புனிதர் பட்டம் சூட்டினார். ஆனால் அவருக்கு 66 ஆண்டு முன்பே, 1854-இல், ஓவியர் ஆங்க்ர் சூட்டிவிட்டார்! லூவர் காட்சிச்சாலையிலுள்ள அவர் படத்தில் ஜோன் பலிபீடத்தருகே விண்ணோக்கி நிற்கிறாள். கவசத்தின்மேல் பாவாடை, தலையைச் சுற்றி ஒளிவட்டம். அவ்வொளி கண்ணை நிறைத்த பின், கத்தரித்த முடியை யார் தேடுவார்?

கொளுத்துமுன் அவள் தலையில் கவிழ்த்த குல்லாயில் சில வசைச் சொற்கள் இருந்தன. அவற்றையும் ஏட்டில் குறித்து வைத்தவர் அதே எழுத்தர் ஃபோக்காம்பெர்க்தான். அவற்றுள் ஒன்று: 'உருவ வழிபாட்டுக்காரி'.