'அவன்' என்றால் அவளும்தானா?

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்த சில மாதங்களில், ஒரு சிறுநகரத்தில் பெண் கவுன்சிலர்களுக்கான பயிற்சி முகாமுக்கு என்னை அழைத்திருந்தார்கள். சட்டக் கையேட்டின் தமிழை எளிதாக்கிச் சொல்வது என் வேலை. 'தீர்மானப் புத்தகம்' என்ற சொல்லுக்கு வந்தபோது ஓர் அம்மா கேட்டார்: "படிச்சுப் பாத்துதான் கையெழுத்துப் போடணுமா டீச்சர்? எங்க வீட்டுக்காரர் காட்டுற இடத்துல போட்டுட்டு வந்துடுறேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் பேருந்தில்தான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது.

அன்றைக்கு நகராட்சிகளை ஆண்டுகொண்டிருந்தது 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதன் ஆங்கில மூலத்தில் தலைவர் 'சேர்மன்', அதாவது ஆண். இதில் என்ன குறை என்று வழக்கறிஞர்கள் கேட்பார்கள். ஆண்பாற் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டமே சொல்லிவிட்டதே!

சொன்னதுதான். ஆனால் 1916இல் ரெஜினா குஹா வக்கீலாகப் பதிவுசெய்யக் கேட்டபோது கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்தது. 1921இல் சுதாங்சு பாலா ஹஸ்ராவுக்குப் பாட்னா உயர் நீதிமன்றமும் அதையே செய்தது. 'அவன்' என்பதற்குள் அவள் இருக்கிறாள் என்று இலக்கணம் சொன்னது. நாற்காலி கேட்டபோது அவள் அதற்குள் இல்லை. பெண்கள் வழக்கறிஞராகலாம் என்று 1923இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

அதனால்தான் 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை நான் முக்கியமானதாக நினைக்கிறேன். அது இலக்கணத்தை நம்பவில்லை, எண்ணை நம்பியது. நகராட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு. அதற்குள் பட்டியலினப் பெண்களுக்கும் இடம். தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. ஆனால் அந்த ஆண்டு நடக்கவேண்டிய தேர்தல் நின்றுபோனது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நகரங்களைத் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அந்தப் பாதி நகர மன்றங்களுக்குள் வந்து உட்கார 2022 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள்.

தமிழ் ஒருவகையில் நமக்குச் சாதகமான மொழி. 'தலைவர்', 'உறுப்பினர்' என்பவற்றில் உள்ள 'அர்' ஆணையும் காட்டாது, பெண்ணையும் காட்டாது. ஆனாலும் ஊரில் "தலைவர் இருக்காரா?" என்று கேட்பவரின் கண் கணவரைத்தான் தேடுகிறது. சொல்லில் இல்லாத ஆணைப் பழக்கம் கொண்டுவந்து உட்காரவைக்கிறது.

இதற்கு மருந்தும் அந்த வறண்ட கையேட்டிலேயே இருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே பொருள் நிரல் உறுப்பினர் கைக்கு வர வேண்டும். நிறைவேறிய தீர்மானம் புத்தகத்தில் ஏற வேண்டும். உடன்பாடு இல்லாவிட்டால் எதிர்ப்பைப் பதியச் சொல்லலாம். வாக்கு உறுப்பினருடையது, அவருடைய கணவருக்கு அந்த மன்றத்தில் வாக்கில்லை. கவுன்சிலராக இல்லாத பெண்களும் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்தில் தீர்மானத்தின் நகல் கேட்கலாம். 1998இல் இயற்றி நெடுநாள் நிறுத்திவைத்திருந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது. இனி படிக்க வேண்டியது அதைத்தான்.

சில மாதங்கள் கழித்து அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார். "புத்தகத்தைக் குடுங்க, படிச்சிட்டுப் போடுறேன்னு சொன்னேன் டீச்சர். எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன், அரை மணி நேரம் ஆச்சு. எல்லாரும் உக்காந்திருந்தாங்க."

"உங்க வீட்டுக்காரர்?"

"வெளியில வண்டிகிட்ட நின்னுட்டிருந்தாரு."