தனிநபர் கடனும் அரசுப் பணிக்கான முன்வரலாற்றுச் சரிபார்ப்பும் (வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரம்)

அரசுப் பணிக்கோ பாதுகாப்புத் துறைப் பணிக்கோ தேர்வான ஒருவரின் கடன் நிலை அவருடைய நியமனத்தையும் பணித் தொடர்ச்சியையும் எப்படித் தொடுகிறது என்பதை ஒரே இடத்தில் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. நடத்தை விதிகள், ஆள்சேர்ப்பு அறிவிக்கைகள், திவால் சட்டம், காசோலைச் சட்டம் எனப் பல இடங்களில் அது சிதறிக் கிடக்கிறது. அமெரிக்காவில் நிலை வேறு. ரகசிய ஆவணங்களைக் கையாளும் அனுமதிக்கு அங்கே 2017 ஜூன் 8 முதல் நடப்பிலுள்ள 13 நெறிகளில் ஒன்று நிதி நிலையைப் பற்றியது. கடனில் மூழ்கியவரைப் பணத்தாசை காட்டி வளைக்கலாம் என்ற அச்சமே அதற்கு அடிப்படை.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்றும் 2019 வரை ஒரே மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் ஒரு பக்கம். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி ‘ராணுவப்பேட்டை’ என்று பேரெடுத்த கம்மவான்பேட்டை, அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம், தக்கோலத்தின் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படைப் பயிற்சி மையம் ஆகியவை மறுபக்கம். கம்பெனிக்குப் போகும் அம்மாவின் குழுக் கடனும் மகனின் சீருடைக் கனவும் ஒரே வீட்டுக்குள் இருக்கும் வட்டாரம் இது.

மத்திய அரசுப் பணியில் சேருபவர் நிரப்பும் உறுதிமொழிப் படிவம், முந்தைய முகவரிகள், கைது, வழக்கு, தண்டனை, தேர்வுத் தடை ஆகியவற்றைக் கேட்கிறது. ‘உங்களுக்கு எவ்வளவு கடன்?’ என்று கேட்பதில்லை. ஆகவே தண்டல்காரரிடம் வாங்கியதோ தெரிந்தவரிடம் வாங்கிய கைமாற்றோ அந்தத் தாளில் ஏறாது. கடன் வழக்காக மாறினால்தான் ஏறும். தோல் வியாபாரத்தில் அப்படி மாறுவது எளிது. சரக்கைக் கடனுக்கு எடுத்துப் பின்தேதியிட்ட காசோலை கொடுப்பது இங்கே நெடுநாள் வழக்கம். காசோலை திரும்பினால் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு குறுக்கிடும். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு எழாது. கட்டாவிட்டால் ஊரில் ‘செக் கேஸ்’ என்று சாதாரணமாகச் சொல்லப்படுவது, படிவத்தில் ‘நிலுவையிலுள்ள குற்ற வழக்கு’ ஆகிவிடும். அதை மறைப்பது தனிக் குற்றச்சாட்டாகும். மறைத்தவரின் நியமனத்தை எப்போது ரத்துச் செய்யலாம், எப்போது பொறுத்துக்கொள்ளலாம் என்பதை 2016ஆம் ஆண்டின் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக வகுத்தது.

வேலையில் சேர்ந்த பிறகுதான் கடன் நேரடியாகப் பேசப்படுகிறது. மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964இன் 17ஆம் விதி, ஊழியர் தீராக் கடனாளியாகவோ திவாலானவராகவோ ஆகாதபடி தம் சொந்த விவகாரங்களை நடத்த வேண்டும் என்கிறது. கடனை வசூலிக்க வழக்கு வந்தால் உடனே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஊதாரித்தனத்தால் வந்த கடனல்ல, முன்கூட்டி அறிய முடியாத சூழலால் வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் ஊழியருடையதே. ராஜாளி தளத்தின் சிவில் ஊழியருக்கும் இவ்விதி பொருந்தும்.

‘மஞ்சள் கடிதாசி’ எனப்படும் திவால் அறிவிப்பு, சென்னைக்கு வெளியே 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டத்தின்கீழ் வருகிறது. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே கடனாளி மனுப்போடலாம் என்ற அந்தக் காலத்து வரம்பு இன்னும் மாறவில்லை; இன்று அது ஒரு ஜோடி செருப்பின் விலை. திவாலானவர் நீதித்துறை நடுவராகவோ உள்ளாட்சி உறுப்பினராகவோ இருக்க அச்சட்டத்தின் 73ஆம் பிரிவு தடை விதிக்கிறது.

கடன் வரலாற்றையே தகுதியாக்கியவை பொதுத்துறை வங்கிகள். வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிவிக்கை பணியில் சேரும்போது 650 சிபில் மதிப்பெண் இருக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே மதிப்பெண் வரம்பு போய், ‘ஆரோக்கியமான கடன் வரலாறு’ என்ற நிபந்தனை நின்றது. 2025இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். மாலா, கடன் தவறிய வரலாறு காரணமாக வட்ட அதிகாரி பணி நியமனத்தை ரத்துச் செய்த பாரத ஸ்டேட் வங்கியின் முடிவு சரியே என்றார். கடன்களை முன்பே அடைத்துவிட்டேன் என்ற வாதம் எடுபடவில்லை. பொதுமக்கள் பணத்தைக் கையாள்பவரிடம் நிதி ஒழுக்கம் எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் வேலையில்லாத காலத்தில் தவறிய தவணையையும் ஆடம்பரத்தில் தவறிய தவணையையும் சிபில் அறிக்கை ஒரே கண்ணால்தான் பார்க்கிறது.

தாய் பெயரிலுள்ள குழுக் கடன் தாயின் அறிக்கையில்தான் பதிவாகும். மகனோ மகளோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திடாதவரை அவர்களைத் தொடாது. கல்விக் கடன் அப்படியல்ல. அதில் மாணவரே கடனாளி, ஆகவே தவறிய தவணை அவர் பெயரிலேயே ஏறும். அறிக்கையில் பிழை இருந்தால் 30 நாளில் திருத்த வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி ஏற்பாடு. வட்டியைத் தள்ளி ஒரு தொகைக்குப் பேசி முடித்த கடனோ ‘முடிக்கப்பட்டது’ என்று பதிவாகாமல் ‘சமரசம் செய்யப்பட்டது’ என்றே பதிவாகிறது. விண்ணப்பதாரர் பலருக்கு அந்த வேறுபாடு பணியில் சேரும் நாளில்தான் தெரியவருகிறது.